கடலை இல்லாத சாண்ட்விச்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் அண்ணாச்சி பொய் சொல்கிறார். என் மகள் வீட்டுப் பலகாரத்தைத் தின்றுதான் வகுப்பில் விழுந்தாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கடைச் சாண்ட்விச்சைத் தின்றுதான் விழுந்தாள். அது அவருக்குத் தெரியும். தெரியாது என்று இனி அவர் சொல்ல முடியாது, ஏனென்றால் அதை அவருக்குச் சொன்னவனே நான்தான்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எடுத்து, புதுக்கம்பி சுற்றி வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பது என் தொழில். வாயால் சொல்லப்போனால் கோபத்தில் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்பும், சொறி வரும் என்று நாம் சொல்கிற ஆகாது இல்லை. தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளும். மூச்சு நின்றுபோகலாம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கல்லிடைக்குறிச்சியில் என் மனைவியின் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், யாரோ ஆசையாகக் கடலை உருண்டையைக் கிள்ளி அவள் வாயில் வைத்துவிட்டார்கள். நான் பந்தியில் இருந்து எழுந்து கை கழுவிவிட்டு வருவதற்குள் பிள்ளையின் முகம் அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிப்போய், உதடு தடித்து, இருமலோ அழுகையோ என்று தெரியாத ஒரு சத்தம். "கண்ணு பட்டுட்டு, சுத்திப் போடணும்" என்று ஒரு அம்மா மிளகாய் எடுக்க அடுக்களைக்குள் போனார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். செருப்பு போடவில்லை என்பதே ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் ஊசி போட்டுப் பிள்ளை தேறிய பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தத் தடவ தப்பிச்சிட்டா. அடுத்த தடவ இதவிட மோசமா வரலாம். ஒரு துளி கூட வாய்ல படக் கூடாது. பட்டுட்டா வீட்டு வைத்தியம் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க."

அடுத்த தடவை என்று அவர் சொன்னது அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தது. இன்றுவரை இறங்கவில்லை.

இந்த ஊரில் கடலை படாமல் ஒரு பிள்ளையை வளர்த்துப் பாருங்கள், தெரியும். பஸ்ஸில் ஏறினால் கடலை. ஓட்டல் சட்னியில் கடலை. புளியோதரையில் கடலை. பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனால் கடலை வறுக்கிற வண்டிகள்தான் வரிசையாக நிற்கும். பிறந்தநாள் என்று மிட்டாய் கொடுக்கிற பிள்ளை நீட்டுவதும் கடலை மிட்டாய்தான். எங்கள் வீட்டில் கடலை எண்ணெயை அன்றே நிறுத்தினோம். சமையலுக்கு நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய். கடலை சேர்ந்த மற்றதெல்லாம் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் அடுக்களை வாசலில் நின்று, என்ன எண்ணெய், என்ன பொடி என்று விசாரிக்கிற ஆளாகிவிட்டேன். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஃபுட் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் மனைவி திசையன்விளை பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. விடியுமுன் பஸ் பிடித்தால்தான் அவளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். பிள்ளைக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. எனக்குத் தெரிந்தது லெமன் சாதம், தோசை, சப்பாத்தி. என் சப்பாத்தியைப் பார்த்து மகள் சொல்வாள்: "அப்பா, நேத்து ஆப்பிரிக்கா. இன்னைக்கு இலங்கை. நாளைக்கு இந்தியா சுடுங்க, பரீட்சை வருது."

சிரித்துக்கொண்டுதான் கொண்டுபோவாள். ஆனால் சாயங்காலம் டப்பா கனமாகவே திரும்பி வந்தது. ஒருநாள் பிடித்துவைத்துக் கேட்டேன்.

"என்னட்டி, கொண்டுபோனத அப்படியே கொண்டு வந்திருக்க?"

"மூடியில வச்சா யாருமே எடுக்க மாட்டுக்காங்கப்பா."

மூடி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவள் வகுப்பில் மதியம் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். யாராவது ஒருத்தி டப்பா மூடியைக் கழற்றி நடுவில் வைப்பாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் சாப்பாட்டில் ஒரு துண்டை அதில் வைக்கும். பிறகு எல்லோரும் அதிலிருந்து எடுத்துத் தின்பார்கள். என் மகள் வைப்பாள், எடுக்க மாட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படிப் பழக்கியிருந்தோம். எடுக்கக் கூடாத பிள்ளைக்கு அந்த வட்டத்தில் உட்கார இருந்த ஒரே உரிமை, தான் வைப்பதை மற்றவர்கள் எடுக்க வேண்டும் என்பதுதான். என் இலங்கையை யாரும் எடுக்கவில்லை. பிள்ளைக்கு அதுதான் துக்கம்.

"என்ன வச்சா எடுப்பாங்க?"

"பிரட்டு. நடுவுல ஸ்வீட்டா எதாவது தடவி."

மறுநாளே பிரட்டும் ஜாமும் வாங்கினேன். கத்தியால் தடவி, ஓரத்தை வெட்டிவிட்டு, குறுக்கே வெட்டிக் கொடுத்தேன். டப்பா காலியாக வந்தது. மூடியில் வைத்தது முதலில் தீர்ந்ததாம். அதைச் சொல்லும்போது பிள்ளை துள்ளிய துள்ளல் இருக்கிறதே. பக்கத்துக் கடைக்காரன் கிண்டல் பண்ணினான்: "என்னவே, வீட்டுல தொரைமார் சமையலாமே? பிரட்டு, ஜாமு. சாயங்காலம் கேக்கும் சூப்புமா?" நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் சுலபம், பிள்ளைக்கும் சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி கடையில் சாண்ட்விச்சை முக்கோணமாக வெட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து விற்க ஆரம்பித்தார். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது வண்டியை நிறுத்தி வாங்கிக் கையில் கொடுத்துவிடலாம். முதலில் ஜாம் மட்டும்தான் வைத்தார். அவர் கடை ஜாம் டின்னைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அவரும் முகம் கோணாமல் காட்டினார். மழைக்காலம் முழுக்க ஒரு வில்லங்கமும் இல்லை. வேலை நெருக்கடி உள்ள நாள்களில் அவர் கடைதான். அவர் எனக்கு எதிரியாக இருக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு பழுப்பாக ஒரு கிரீம் வைத்தார். சாக்லேட் கிரீம். பெட்டியின் மேலே கடைப்பெயரும் விலையும் மட்டும்தான் ஒட்டியிருந்தது. மகளின் கூட்டாளிகள் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். இவளும் கேட்டாள். நான் கடைக்குள் போய் நின்று கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தக் கிரீமுல கடலை எதும் சேக்குதீங்களா?"

அவர் முகம் சட்டென்று மாறியது. "என்னவே கேக்கீரு? கடலையா? எவன் சொன்னான் உம்மகிட்ட?"

"எவனும் சொல்லல. பிள்ளைக்குக் கடலை ஆகாது. அதான் கேக்கேன்."

"இந்தா பாரும். கடலை கிடலை கலக்குற சோலியெல்லாம் நம்ம கடையில கெடையாது. சாக்லேட்டு, பட்டரு. அம்புட்டுத்தான். சந்தேகமா இருந்தா நாக்குல வச்சுப் பாரும்."

ஒரு கரண்டியில் எடுத்து நீட்டினார். வாங்கி மோந்து பார்த்தேன். என் மூக்கு வார்னிஷிலேயே ஊறிப்போனது. இனிப்பு வாசனை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தொட்டு நக்கலாம் என்றால் கை விரலில் வார்னிஷ் கறுப்பு. வாயில் வைக்கவில்லை. அவரே இல்லை என்கிறார், அதுவும் கோபப்பட்டுச் சொல்கிறார், ஒளிக்கிறவன் ருசி பார்க்கச் சொல்வானா என்று நினைத்தேன். ஒரு பெட்டி வாங்கி மகள் கையில் கொடுத்தேன். ரோட்டைத் தாண்டி கேட்டுக்குள் போகும்போது அந்தப் பெட்டியை உயர்த்திக் கூட்டாளிகளுக்குக் காட்டிக்கொண்டே போனாள்.

மதியம் கிணற்று மோட்டார் ஒன்றுக்குக் காயில் இறக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள் டீச்சர்.

"சார், பதட்டப்படாம பைய வாங்க. பாப்பாவுக்கு முகம் லேசா வீங்கியிருக்கு."

பைய வாங்க என்கிறார். "டீச்சர், அவ மூச்சு விடுதாளா? அதச் சொல்லுங்க" என்று கத்தினேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் உடைந்து, "விடுதா சார், ஆனா சத்தமா விடுதா" என்றார்.

"ஆட்டோ பிடிங்க. எனக்காக நிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. கடலைன்னு சொல்லுங்க, கடலை அலர்ஜின்னு சொல்லுங்க!"

வண்டியை எடுத்தேன். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஆற்றுப்பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலத்தில் ஒரு லாரி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்து போனில் யாரிடமோ மீன் குழம்புக்குப் புளி கூட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. என் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது உலகத்தில் புளியைப் பற்றி ஒருவன் எப்படிப் பேச முடியும்? வண்டியை அங்கேயே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடலாமா என்று இறங்கினேன். அதற்குள் வழி விட்டது. ஆற்றைப் பார்த்தேனா, வண்ணார்பேட்டையை எப்படிக் கடந்தேன் என்று ஒன்றும் எனக்கு நினைவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் போகும்போது அவள் இருக்க மாட்டாள். நான் போகும்போது அவள் இருக்க மாட்டாள்.

இருந்தாள். ஆனால் நான் முதலில் அவளையே பார்த்துவிட்டு, இது என் மகள் இல்லையே என்று பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினேன். அவ்வளவுக்கு என் மகளின் முகம் மாறியிருந்தது. யூனிபார்மின் கழுத்துப் பட்டனைக் கழற்றியிருந்தார்கள். மூக்கில் மாஸ்க். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஊசி போட்டாயிற்று என்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நர்ஸ், "சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க, பாப்பா உங்களப் பாத்துப் பயப்படுதா" என்றார். கண் திறக்க முடியாத பிள்ளை எப்படிப் பார்க்கும்? ஆனால் உட்கார்ந்தேன்.

மனைவி போன் பண்ணினாள். டீச்சர் அவளுக்கும் சொல்ல முயன்று, வகுப்பில் இருந்ததால் அவள் எடுக்கவில்லையாம்.

"என்னங்க, ஸ்கூல்லேருந்து போன் வந்திருக்கு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. லேசா உடம்பு சரியில்ல. நான் கூட இருக்கேன்."

"ஏன் உங்களுக்கு இப்பிடி மூச்சு வாங்குது?"

"படி ஏறி வந்தேன்."

"எந்தப் படி? ஸ்கூல்ல அவ கிளாஸ் கீழதான இருக்கு?" பிறகு மெதுவாகக் கேட்டாள். "கடலையா?"

நான் ஆமாம் என்றேன். அவள் கத்தவில்லை. போனை வைக்கவும் இல்லை. திசையன்விளையிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை அந்த போனை அவள் அணைக்கவே இல்லை. பஸ்ஸின் ஹாரனும், கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. பிள்ளையின் மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று போனைத் தலையணையில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

பிள்ளை சாப்பிட்டது என்ன என்று டாக்டர் கேட்டார். பிரட் என்றேன். உள்ளே என்ன என்றார். சாக்லேட், பட்டர் என்றேன். டீச்சர் பையையும் கொண்டுவந்திருந்தார். பெட்டியில் பாதிச் சாண்ட்விச் மிச்சமிருந்தது. நர்ஸ் மூடியைத் திறந்ததுமே முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "என்ன சார் இது, கடலை வாசனை தூக்குதே. பீநட் பட்டர்ல்லா இது."

பட்டர். அவர் சொன்ன பட்டர் அதுதான்.

ராத்திரிக்குள் வீக்கம் வடிந்து, மறுநாள் பிள்ளை பேசினாள். தொண்டை கரகரத்தது. முதலில் கேட்டது, "மூடியில வச்சத எல்லாரும் எடுத்தாங்களா?"

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஒரு பை ஆப்பிளோடு வராந்தாவில் நின்றார். நான் அவர் சட்டையைப் பிடிக்கிற நிலையில் இருந்தேன். என் மனைவி நடுவில் வந்து நின்றுகொண்டாள். நான் கேட்டேன்.

"கடலை இருக்கான்னு உங்ககிட்ட கேட்டனா இல்லையா?"

"கேட்டீரு."

"இல்லன்னு சொன்னீங்களா இல்லையா?"

"எய்யா, நீர் கடலைன்னதும் நான் சட்னிக்கு அரைக்குற பொரிகடலைன்னு நெனச்சுட்டேன்வே. ஊர்ல பாதிப் பேரு பொரிகடலைய மாவாத் திரிச்சு கிரீமுல கலந்து விக்கான். நம்மளையும் அந்தக் கள்ளப் பயலுவ கூட சேத்துப் பேசுதாரேன்னு எனக்குக் கோவம் வந்துட்டு. இது டின்னுல வாரது. பீநட்டு பட்டரு. சாக்லேட்டுல கலந்தா வழுவழுன்னு நிக்கும். ஒசந்த சரக்குன்னுதான் நான் வாங்குனேன்."

"பீநட்டுன்னா என்ன அண்ணாச்சி?"

"நட்ஸு."

"என்ன நட்ஸு?"

அவர் ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நிலக்கடலை அண்ணாச்சி. நம்ம கடலைதான். அத வறுத்து அரைச்சு வச்சிருக்கான்."

அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். கண் கலங்கியது. என் கையைப் பிடித்தார். நான் அதை நம்பினேன். இன்றும் அந்த நேரத்து அழுகை பொய் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் கேட்டது சரியில்லை, நிலக்கடலை என்று கேட்டிருக்க வேண்டும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். இந்த ஊரில் யார் வாயால் நிலக்கடலை என்று சொல்கிறார்கள்? கடலை எண்ணெய் என்றால் எது? கடலை மிட்டாய் என்றால் எது? அதே ஆள்தான் கடலை மாவு என்றால் வேறு ஒன்றைக் கொடுப்பான், கடலைப் பருப்பு என்றால் இன்னொன்றைக் கொடுப்பான். எண்ணெய்க்கு ஒரு செடி, மாவுக்கு ஒரு செடி, பேர் மட்டும் ஒன்று. இத்தனை நாளும் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. குழம்பினால் பஜ்ஜி சரியாக வராது, அவ்வளவுதான். என் வீட்டில் மட்டும் குழம்பினால் பிள்ளை போய்விடும்.

பிள்ளையை மறுபடி பள்ளிக்கு அனுப்பினோம். டீச்சர் நல்லவர். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், இனி யாரும் நட்ஸ் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று போட்டார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை போட்டார்கள். ஒரு அம்மா பேசியே அனுப்பினார்: "மிஸ், நாங்க நட்ஸெல்லாம் வாங்குற ஆளே இல்ல. முந்திரியும் பாதாமும் தீவாளிக்குத்தான் எங்க வீட்டுக்கு வரும்." அந்த வாரமே அந்தப் பிள்ளையின் டப்பாவில் கடலை மிட்டாய் இருந்தது. டீச்சர் கண்டுபிடித்து வாங்கி வைத்தார். நான் குழுவில் நிலக்கடலை, வேர்க்கடலை, பீநட், கடலை மிட்டாய் என்று தெரிந்த பேரையெல்லாம் போட்டேன். "சார் கடைக்குச் சாமான் எழுதுதாரு போல" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைமையாசிரியை ஒரு ஏற்பாடு செய்தார். என் மகள் இனி ஆபீஸ் ரூமுக்கு வெளியே ஒரு பெஞ்சில் தனியாகச் சாப்பிட வேண்டும். அவள் நல்லதுக்குத்தான். ஆனால் பிள்ளை அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்கிறாள். மூடி இல்லை, வட்டம் இல்லை. மறுபடி டப்பா கனமாக வருகிறது.

சரி, உயிரோடு இருக்கிறாளே, போதும் என்று இருந்தேன். அப்போதுதான் பலகை வந்தது.

ஒருநாள் காலையில் வண்டியின் பின்னாலிருந்து மகள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, அங்கன பாருங்க. இப்ப அதுல கடலை இல்லையாம். இனிமே நான் தின்னலாம். வாங்கித் தாங்கப்பா."

அண்ணாச்சி கடை முன்னால், பிள்ளைகள் கண்ணுக்கு நேரே, பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். எங்கள் சாண்ட்விச்சில் கடலை இல்லை.

மகளைக் கேட்டுக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். கிரீமை மாற்றிவிட்டார், அதனால்தான் எழுதியிருக்கிறார் என்று நம்ப ஆசைப்பட்டுக்கொண்டேதான் போனேன். உள்ளே அவர் சொன்ன அதே பீநட் பட்டர் டின்கள் அடுக்கியிருந்தன. டின்னின் மேலேயே படம் போட்டிருக்கிறது, தோலோடு இரண்டு கடலை.

"அண்ணாச்சி, என்ன இது பலகை?"

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிடப் பார்த்தார். நான் நகரவில்லை. அவர் குரலை உயர்த்தினார்.

"பொரிகடலை மாவு கலக்கல. கலக்கலன்னு எழுதியிருக்கேன். இதுல என்னவே பொய்யி?"

"கடலை எண்ணெய் வாங்குதீங்களே, பொரிகடலையையா ஆட்டிக் குடுக்கான் உங்களுக்கு?"

நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏ, வீட்டுல கடலை எண்ணெய்ல முறுக்கு சுட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டு, எங் கடையில வந்து வம்பு பண்ணுதீரோ? கோட்டிக்காரனாவே நீரு? ஒரு பிள்ளைக்கு ஆகாதுன்னு ஊரே திங்காம இருக்கணுமா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்த அதே ஆள். முறுக்குக் கதை அன்றுதான் பிறந்தது. சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. அடுத்த வாரம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். அதோடு, பிள்ளைக்கு வசதியாக வேறு பள்ளி பார்ப்பதும் நல்லதுதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஊர் திங்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தின்னட்டும். விற்கட்டும். உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லி விற்கட்டும். சாண்ட்விச் தின்ற கையோடு ஒரு பிள்ளை என் மகள் வாயில் ஆசையாக எதையாவது வைத்தால்? பலகையைப் படித்துவிட்டு, இதில்தான் கடலை இல்லையே, பாவம் தனியா உட்காந்திருக்காளே என்று ஒரு கூட்டாளி ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால்? கொடுக்கிறது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். வாங்கித் தின்கிறதும் எழுத்தை நம்புகிற பிள்ளை. படிக்கச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான்.

மதியம் ஆனால் எனக்கு வேலை ஓடுவதில்லை. சுற்று எண்ணிக்கை தப்பிப்போய், சுற்றிய காயிலை மறுபடி அவிழ்க்கிறேன். போனை மேஜையில் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது அடித்தாலும் பயம். அடிக்காமலே இருந்தாலும், சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். என் மனைவி தன் வகுப்பில் பிள்ளைகள் டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் வெளியே போய் நின்றுவிடுவதாகச் சொன்னாள். மகளிடம் இதையெல்லாம் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் போன வாரம் அவள் கேட்டாள். "அப்பா, பலகையில பொய் எழுதலாமா?" எழுதக் கூடாது என்றேன். "அப்ப அண்ணாச்சி ஏன் எழுதுனாங்க?" அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

அண்ணாச்சி, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பள்ளியில் பெற்றோர் கூட்டம் வரப்போகிறது. கேன்டீனுக்குச் சரக்குப் போடுகிறவர் என்று உங்களையும் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், ஆப்பிள் வேண்டாம். அங்கே எழுந்து நில்லுங்கள். எல்லாத் தாய் தகப்பனும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். பொரிகடலையைப் பற்றி நான் கேட்கவில்லை. உங்கள் பழுப்புக் கிரீமில் நிலக்கடலை இருக்கிறதா, இல்லையா?